சலவைக்கூடத்து நீல முடிச்சு

ஆஸ்பத்திரியில் நடப்பதெல்லாம் டாக்டருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டாக்டருக்குக் கால்பங்கு தெரியும். நர்சுக்கு அரைப்பங்கு. மிச்சம் அத்தனையும் தெரிந்த இடம் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் சலவைக்கூடம். யாருக்கு எத்தனை நாளாக வியர்த்துக் கொட்டுகிறது, யார் எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டார், யாருக்கு ரத்தம் நிற்கவில்லை, எல்லாவற்றையும் விரிப்பு வந்து சொல்லிவிடும். மனிதர் பொய் சொல்லுவார். அழுக்குத்துணி சொல்லாது.

அந்தக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் முடிச்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் கிடக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பதினைந்து வயதில் கொதிக்கிற தொட்டியில் கோலைப் போட்டுத் துணி புரட்ட வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுத்து ஒன்று தெரியாது. ஆனாலும் அவளிடம் பேசிவிட்டு வந்த ஒரு நிர்வாக அதிகாரி, "இந்தம்மாவுக்கு மட்டும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா இந்த நாற்காலியில நான் உக்காந்திருக்க மாட்டேன்" என்று பெருமூச்சு விட்டாராம்.

அவர் பெருமூச்சு விட்டதற்குக் காரணம் இருக்கிறது. சலவைக்கூடத்துப் பெண்களுக்கு நனைந்த உடுப்பை மாற்றிக்கொள்ள ஒரு மறைப்பு இல்லாத காலம் அது. இருபது பெண்கள் ஈரத்தோடு வேலை செய்து ஈரத்தோடு வீட்டுக்குப் போவார்கள். மனு கொடுத்தார்கள், பார்க்கலாம் என்றார்கள். மறுபடி கொடுத்தார்கள், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்றார்கள். ஒருநாள் பட்டப்பகலில், சொட்டச் சொட்ட நனைந்திருந்த இருபது பேரையும் கூட்டிக்கொண்டு போய் அதிகாரியின் அறைக்குள்ளே நின்றாள் அவள்.

"சார், கொஞ்சம் வெளிய இருங்க."

"எதுக்கும்மா?"

"இந்தக் கட்டடத்துல உள்பக்கம் தாழ்ப்பா போடுற அறை உங்களோடது ஒண்ணுதான். நாங்க துணி மாத்திட்டுக் குடுத்துடறோம். அதிகமில்ல சார், தினமும் ரெண்டு வேளை."

மூன்றாம் நாள் தச்சர் வந்துவிட்டார். இன்றைக்கும் சலவைக்கூடத்தில் ஒரு மாற்றறை இருக்கிறது, கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இது சின்ன விஷயம். இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? பெரியது இனிமேல்தான் வருகிறது.

அந்தப் பெரியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் இஸ்திரிக்காரி. பார்த்தவள் என்ன, அதற்குள்ளேயே கிடந்து புரண்டவள். முடிச்சக்காவின் ஒரே தம்பிக்கு மனைவி. தம்பி சுவருக்கு வண்ணமடிக்கிற பெயின்டர். கல்யாணமாகி வந்த மறுவருடமே நாத்தனார் அவளைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைக்குச் சேர்த்துவிட்டாள். நாத்தனார் எப்படியோ அதற்கு நேர் எதிர் இவள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கவே யோசிப்பாள். ஆனால் இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வேறு ஆள். அவள் தேய்த்து மடித்த விரிப்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று கூடத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள்.

அவள் இடுப்பில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் தொங்கும். விரிப்பில் நூல் தொங்கக் கூடாது, அது கூடத்தின் சட்டம். தொங்குகிற நூலை நோயாளி சும்மா இழுத்துக்கொண்டே இருந்தால் மடிப்புத் தையல் முழுக்கப் பிரிந்துபோகும். அதனால் விரிப்பை மேசையில் போட்டதும் நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பாள். நூல் தட்டுப்பட்டால் நறுக். அதன் பிறகுதான் இஸ்திரிப்பெட்டி. ஒன்பது வருடமாக இதில் அவள் கை தவறியதே இல்லை.

ஒன்பதாம் வருடம் அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. மாதத்தில் ஐந்து நாள் பத்து நாளாகி, பத்து பதினைந்தானது. இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தாளா? இல்லை. விரிப்பு சொல்லிவிடும் என்று சொன்னேனே, கூடத்து ஓரத்தில் தன் பாவாடையைத் தானே ரகசியமாக அலசிக்கொண்டிருந்தவளை முடிச்சக்கா ஒருநாள் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பெரிய டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கர்ப்பப்பையில கட்டி. ஒண்ணு ரெண்டு இல்ல. எடுத்துடணும். ரத்தம் ஏற்கெனவே பாதிதான் இருக்கு. தள்ளிப் போடாதீங்க." அதோடு ஒரு படிவத்தை நீட்டினார். "இதுல உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. படுக்கை தர்றேன்."

படிவத்தின் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'கணவர் கையொப்பம்' என்று அச்சடித்திருந்தது. இஸ்திரிக்காரி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

பெயின்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டான்.

கெட்டவன் இல்லை அவன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மனைவி சோர்ந்து படுத்தால் பாத்திரம் துலக்குவான், இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிடுவான். ஆனால் படிவத்தை வாங்கி வாசித்ததும் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. 'உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் நானே பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. படிவத்தை மடித்து அலமாரிக்கு மேலே எறிந்தான்.

"மருந்து குடுக்கச் சொல்லு. எத்தனை மருந்து வேணும்னாலும் வாங்கிக் குடுக்கறேன். இதுல மட்டும் கை வைக்க மாட்டேன்."

விஷயம் கேள்விப்பட்டு அக்காக்காரி வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டா, கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிடும்?"

"அப்பா போட்டாரே. அப்புறம் என்ன ஆச்சு?"

அக்காள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரிக்காரி சமையல் அறையின் நிலைப்படியில் சாய்ந்து நின்று, பத்து வருடமாக அந்த வீட்டில் யாரும் பேசாத கதையை அன்றைக்குத்தான் கேட்டாள்.

அவர்கள் அம்மாவுக்கும் இதே ஆஸ்பத்திரிதான், இதே மாதிரி ஒரு படிவம்தான். அப்பா அப்போது தூரத்தில் ஓர் அணைக்கட்டு வேலையில் இருந்தார். சேதி போய் அவர் வந்து சேர நாலு நாள். வந்தார், கையெழுத்துப் போட்டார், உள்ளே கொண்டுபோனார்கள், அம்மா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. அவன் பார்த்தது அந்தக் கையை.

"உனக்கு அந்தக் கை தெரியுது" என்றாள் அக்காள். குரல் தணிந்திருந்தது. "எனக்கு அந்த நாலு நாள் தெரியுதுடா. அம்மா பக்கத்துல நான்தான் இருந்தேன். கையெழுத்துக்காக நாலு நாள் படுத்திருந்தா. முதல் நாளே உள்ள கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பா. அப்பா கையெழுத்தா கொன்னுச்சு? அதுக்காகக் காத்துக் கிடந்தது கொன்னுச்சு."

"நீ என்ன வேணா சொல்லுக்கா. என்னால முடியாது."

ஒரே சாவு. அதிலிருந்து ஒரு பிள்ளை ஒரு பாடம் படித்தது, இன்னொரு பிள்ளை இன்னொரு பாடம். இரண்டுக்கும் நடுவில் இஸ்திரிக்காரியின் வயிறு மாட்டிக்கொண்டது.

மறுநாள் முடிச்சக்கா டாக்டரம்மாவிடம் போய் நேராகக் கேட்டாள். "வயிறு அவளோடது. வலி அவளோடது. கையெழுத்து மட்டும் எதுக்கு இன்னொருத்தரோடது?"

"சட்டத்துல அப்படி இருக்கறதா எனக்குத் தெரியல. பழக்கம் அப்படி" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டு ஆம்பளைங்க வந்து என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. எனக்கும் பயம் இருக்கும்மா."

உண்மையைச் சொன்னதற்காக அவரைப் பிடித்துப்போயிற்று அவளுக்கு. அங்கிருந்து நிர்வாக அதிகாரியிடம் போனாள்.

"இந்த விதி எந்தப் புத்தகத்துல இருக்கு சார்? காட்டுங்க."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"நீங்க படிங்க. நான் கேட்டுக்கறேன்."

காலை முழுக்கத் தேடினார்கள். எழுத்தர் இரண்டு பேர் அலமாரி அலமாரியாக இறக்கினார்கள். தூசி கிளம்பியது, தும்மல் கிளம்பியது, விதி மட்டும் கிளம்பவில்லை. எந்தக் காலத்திலோ எவரோ அந்தக் கோட்டை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்; அதற்குப் பிறகு வந்தவரெல்லாம் கோட்டைப் பார்த்துச் சட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி, மனு குடு. கமிட்டி கூடும்போது வைக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், உன் தம்பி வீட்டுச் சண்டைக்கெல்லாம் கமிட்டி படிவத்தை மாத்தாது. ஒருத்திக்காக யாராவது விதியை மாத்துவாங்களா?"

"ஒருத்தி இல்ல சார். கணக்கு இருக்கு. கொண்டு வந்து காட்டறேன்."

"எனக்கே புருஷன் கிடையாது" என்று வாசல்வரை போனவள் திரும்பிச் சொன்னாள். "நாளைக்கு எனக்கு வயித்துல கட்டி வந்தா, ஒரு கையெழுத்துக்காக இந்த வயசுல கல்யாணமா பண்ணிக்க முடியும்?" எழுத்தர் இருவரும் குனிந்துகொண்டார்கள், சிரிப்பை மறைக்க.

கமிட்டி கூட மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இஸ்திரிக்காரி படுத்துவிட்டாள். எழுந்து நின்றால் சுவர் சுற்றியது. பதினெட்டு நாள் வேலைக்குப் போகவில்லை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் உதிரம் கொஞ்சம் தணியும், பிறகு மறுபடி வரும். பெயின்டர் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். பார்வை மனைவி மேல் விழும், அலமாரி மேல் விழும், பிறகு போய்விடுவான்.

கமிட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டி. இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல. நம்ம கூடத்துல சொன்னா ஆவிக்கும் காது முளைச்சுடும்."

பெண்கள் வார்டில் வேலை பார்க்கும் ஆயா தினமும் அழுக்கு மூட்டையை இறக்கும்போது அவளிடம் நாலு வார்த்தை பேசுவாள். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாளாம். புருஷன் கையெழுத்து வரும் வரும் என்று ஒன்பது நாள் படுத்திருந்துவிட்டு, பத்தாம் நாள் அவளாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் படுத்திருந்த விரிப்பு அன்றைக்கு வெளுக்க வந்தது. முடிச்சக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எழுதத் தெரிந்தவள் எழுதி வைப்பாள். அவள் என்ன செய்வாள்? தையல் மேசையிலிருந்து நீல நூலை எடுத்து விரிப்பின் ஓரத்தில் இழுத்துக் கட்டி ஒரு முடிச்சுப் போட்டாள். கொதிநீரிலும் அவிழாத முடிச்சு. அதிலிருந்து ஆயா எப்போதெல்லாம் 'இன்னொருத்தி, கையெழுத்துக்குக் காத்துக்கிட்டிருக்கா' என்று சொல்கிறாளோ, அப்போதெல்லாம் அந்தப் படுக்கையின் விரிப்பில் ஒரு முடிச்சு. ஒரு பெண்ணுக்கு ஒன்று.

"பதினாலு மாசம்டி! அலமாரியில இருக்குற பெட்ஷீட் அத்தனையும் கமிட்டி மேசையில கொண்டுபோய்க் கொட்டப் போறேன். எண்ணிக்கட்டும். ஒருத்திதானாம், ஒருத்தி!"

இஸ்திரிக்காரி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா... நீல நூலா?"

"ஆமா."

"ஓரத்துல, மடிப்புத் தையலுக்குப் பக்கத்துலயா?"

"ஆமாடி. உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லாமலே நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் நேராகச் சுவர் ஆணிக்குப் போனது. அங்கே கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

இஸ்திரிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பதினாலு மாதமாக நீல நூல் நிறைய வருகிறதே, தையல் மேசைக்காரி கவனமில்லாமல் வேலை செய்கிறாளே என்று அவள் நினைத்ததுண்டு. நினைத்தாள், நறுக்கினாள், தேய்த்தாள், மடித்தாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அவள்தான் வேலையில் சுத்தமாயிற்றே! உலகத்தில் வேறு எவள் இஸ்திரி மேசையில் இருந்திருந்தாலும் பாதி முடிச்சாவது தப்பியிருக்கும்.

"எல்லாத்தையும் வெட்டிட்டேன் அக்கா. குப்பையில பெருக்கித் தள்ளிட்டேன்."

நாத்தனார் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள்.

"உன்னைச் சொல்லி என்ன புண்ணியம். உன்கிட்ட மறைச்சேன் பாரு, எனக்கு வேணும். போட்ட முடிச்சு இருக்கான்னு திரும்பியும் பாக்கல. நீ தம்பிகிட்ட சொல்லி, அவன் அம்மா கதையைக் கிளப்புவானோன்னு பயந்தேன். கூடப் பொறந்தவன் மேலயும் நம்பிக்கை இல்ல, கூட நிக்கறவ மேலயும் நம்பிக்கை இல்ல. இந்த லட்சணத்துல ஊருக்கு நியாயம் கேக்கப் போயிட்டேன்." பிறகு எழுந்தாள். "நீ படுக்கையில இருந்த நாள்ல தேய்ச்சது தொட்டிக்காரி மகதானே?"

"ஆமா அக்கா."

"அவ சோம்பேறிதானே?"

"சுத்த சோம்பேறி அக்கா."

"அப்ப வா, எழுந்திரு. நடக்க முடியுமா?"

முடிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். சாயங்காலம்வரை இருவரும் துணிக்கிடங்கில் பெண்கள் வார்டின் விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓரம் தடவினார்கள். இஸ்திரிக்காரி தரையில் உட்கார்ந்துகொண்டே தடவினாள். ஒன்பது விரிப்பில் பதினொரு முடிச்சு அகப்பட்டது. அவள் எழுந்து நிற்க முடியாமல் படுத்திருந்த நாட்களில் போட்ட முடிச்சுகள் மட்டும்தான் உயிரோடு இருந்தன.

கமிட்டி கூடியது முன்கட்டடத்து நீள மேசையில். ஐந்து ஆண்கள், டாக்டரம்மா ஒருத்தர், மேசைக் கோடியில் நிர்வாக அதிகாரி. நடுவில் தலைவர், நரைத்த புருவம், அவசரமில்லாத மனிதர். சுவர் ஓரத்து பெஞ்சில் இஸ்திரிக்காரி உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் பெயின்டர் வந்து நின்றான். வேலை உடுப்போடு வந்திருந்தான். முட்டியில் வெள்ளைச் சுண்ணாம்பு. வீட்டு விஷயம் சந்தி சிரிக்கப் போகிறதே என்று மனைவியைத் திருப்பி அழைத்துப்போக வந்தவன், உள்ளே நுழைந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டான்.

முடிச்சக்கா ஒன்பது விரிப்பையும் மேசையில் வைத்து, என்ன, ஏது என்று சொன்னாள். அதிகாரி ஒரு விரிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த பெட்ஷீட் இன்னிக்கு நாலாம் படுக்கையில இருக்கும், நாளைக்குப் பத்தாம் படுக்கையில இருக்கும். எந்த முடிச்சு யாரோடதுன்னு எப்படிச் சொல்லுவ?"

"சொல்ல முடியாது சார். ஆனா இதைப் பாருங்க, ஒரே துணியில ரெண்டு முடிச்சு. ஒருத்தி காத்துக் கிடந்த துணி மேலயே இன்னொருத்தியும் காத்துக் கிடந்திருக்கா. நடுவுல நாங்க வெளுத்தோம். அழுக்குப் போச்சு. காத்துக் கிடந்தது போகல."

மேசையோரம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஆனால் அதிகாரி விடவில்லை. "பதினாலு மாசம்னு மனுவுல இருக்கு. பதினாலு மாசத்துக்கும் சேத்துப் பதினொண்ணுதானா? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில இது ஒரு கணக்கா?"

முடிச்சக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சலவைக்கூடமே பயப்படுகிற அந்த வாய் ஏன் மூடிக்கொண்டது என்று அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். "மிச்சம் தவறிப்போச்சு சார்" என்றாள். "என் கவனக்குறைவு."

இஸ்திரிக்காரி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா பொய் சொல்றாங்க" என்றாள். அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "தவறல. நான்தான் வெட்டினேன்."

எல்லாத் தலையும் திரும்பின.

"நான் இஸ்திரி போடறவ. நூல் தொங்கினா வெட்டுவேன். இது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. பதினாலு மாசம் வெட்டினேன்."

"எத்தனை வெட்டினே?" என்று தலைவர் கேட்டார்.

"எண்ணல ஐயா. நூலை யாராவது எண்ணுவாங்களா? சில நாள் ஒண்ணு. சில நாள் நாலு. எல்லாம் பொம்பளைங்கன்னு தெரிஞ்சிருந்தா எண்ணியிருப்பேன். இந்தப் பதினொண்ணும் நான் படுத்த பதினெட்டு நாள்ல மிஞ்சினது. பதினெட்டு நாளைக்குப் பதினொண்ணுன்னா பதினாலு மாசத்துக்கு எத்தனைன்னு நீங்களே போட்டுக்குங்க. எனக்கு அவ்வளவு கணக்கு வராது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்னையும் சேத்துக்குங்க. எனக்கு யாரும் இன்னும் முடிச்சுப் போடல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்றார்.

கதவோரம் நின்றவன் கை தூக்கினான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"ஏம்ப்பா, உன் மனைவி நிக்கற நிலையைப் பாரு. இந்த வாதமெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். நீ இப்பவே ஒரு கையெழுத்துப் போடு, இன்னிக்கே அட்மிட் பண்ணச் சொல்றேன்."

பெயின்டர் முன்னால் வந்தான். மனைவி பேசியதைக் கேட்டதிலிருந்து அவன் கண் கலங்கித்தான் இருந்தது. அதிகாரி புதுப் படிவம் ஒன்றை நகர்த்திவைத்துப் பேனாவை நீட்டினார். ரொம்ப வேகமாக நீட்டினார். கையெழுத்து விழுந்தால் மனு முடிந்தது, கோப்பு மூடியாயிற்று. அது எல்லாரையும்விட முடிச்சக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் சொன்னாள்: "போடுடா தம்பி. இவ உயிரோட இருக்கட்டும். கமிட்டி கிடக்கு, நான் இன்னொரு பதினாலு மாசம் முடிச்சுப் போட்டுக்கறேன்." குரல் உடைந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அந்தக் குரல் உடைந்து கேட்டவர் கிடையாது. கெலிக்கிற வழக்கை இப்படிக் கீழே வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

பெயின்டர் பேனாவை வாங்கினான். அந்தக் கையை அவன் ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

அதை இஸ்திரிக்காரி பார்த்துவிட்டாள். அவள் போய் அந்தக் கோட்டின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை.

"நீங்க போட வேணாங்க."

"என்னது?" என்றான் அவன். "நான் போடறேன்னுதானே சொல்றேன்?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, மாமா மாதிரி நீங்களும் ஆயுசு முழுக்க இந்தக் கையைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவீங்க. என் பிள்ளைங்க அதைப் பாத்துக்கிட்டே வளரும். வேணாம். உயிர் என்னோடது. பொறுப்பும் என்னோடதா இருக்கட்டும்."

"பைத்தியமாடி உனக்கு!" என்று முடிச்சக்கா ஓடிவந்தாள். "முதல்ல நீ பொழைச்சு வா!"

"இப்ப நாலாம் படுக்கையில காத்துக் கிடக்கறவ, அக்கா? அவ வீட்டுக்காரரு எந்த ஊர்ல இருக்காருன்னே தெரியலன்னு நேத்து கிடங்குல ஆயா சொன்னாங்களே. இவரு போட்டா எனக்கு ஆச்சு. அவளுக்கு?" நாத்தனாரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "அவ முடிச்சையும் நான் வெட்டியிருப்பேன் அக்கா. ஒண்ணாவது கட்டிட்டுப் போறேன்."

பேனாவை வாங்கினாள். 'கணவர்' என்ற சொல்லை நீளமாக ஒரு கோடு இழுத்து அடித்தாள். அதன் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். கடைசியாக எப்போது எழுதினாளோ. எழுத்துகள் நடை பழகுகிற குழந்தை மாதிரித் தள்ளாடின, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றது. படிவத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதை எப்படி ஏத்துக்கறது?" என்றார் அதிகாரி. "அடுத்த கூட்டத்துல பரிசீலனைக்கு..."

டாக்டரம்மா கையை நீட்டிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு முறை படித்தார். மடித்து மேலங்கிப் பையில் வைத்தார்.

"எனக்கு இது போதும்."

"விதி இருக்கே மேடம்?"

"இருந்தா தேடி எடுத்து வைங்க சார். அதுவரைக்கும் நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டிருக்கேன்." பிறகு தலைவரைப் பார்த்தார். "நான் பயந்துக்கிட்டிருந்தேன் சார். இந்தம்மாவுக்கு என்னைவிடப் பயப்படக் காரணம் இருக்கு. அவங்க போட்டுட்டாங்க."

தலைவர் பேனாவை எடுத்தார். மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டு அதிகாரியிடம் தள்ளினார். அதிகாரி படித்தார். அவர் முகத்தைப் பார்த்தே முடிச்சக்காவுக்குப் புரிந்துவிட்டது. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, முகம் படிக்கத் தெரியாதா?

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, மூன்றாம் நாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. வெளியே பெஞ்சில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தான். அவள் ஒரு கையை உருவி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கினார். சிரித்தார். பெயின்டர் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான், இருபத்தெட்டு வருடத்து அழுகை.

நாலாம் படுக்கைக்காரி அந்த வாரமே தன் கட்டைவிரல் ரேகையை வைத்தாள். பழைய படிவம் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தது. தூக்கிப் போட மனமில்லாமல் எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் 'கணவர்' என்பதைக் கோடு வைத்து அடித்தார்கள். அடித்து முடிக்க எட்டு நாள் ஆனது. முடிச்சக்கா தினமும் சாயங்காலம் அந்த வழியாகப் போய், "கை வலிக்குதா தம்பி? எங்க கைக்குப் பழகிடுச்சு" என்று விசாரித்துவிட்டுப் போவாள். புதிதாக அச்சடித்தபோது அந்த இடத்தில் 'நோயாளியின் கையொப்பம்' என்று வந்தது. இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களுக்கு இது தெரியாது. கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் முடிச்சக்காவுக்குப் பெருமை. காற்று வருகிறது என்றால் ஜன்னல் வைத்தவன் யார் என்றா கேட்கிறோம் என்பாள்.

மூன்று மாதம் கழித்து இஸ்திரிக்காரி மேசைக்குத் திரும்பினாள். முதல் விரிப்பை விரித்து ஓரம் தடவினாள். ஒரு வெள்ளை நூல், நறுக்கினாள். பத்துப் பதினைந்து விரிப்புக்குப் பிறகு விரலில் ஒன்று தட்டியது. நீலம். கமிட்டி மேசைக்குப் போய் வந்த ஒன்பதில் ஒன்று. கத்தரிக்கோல் திறந்தபடி நின்றது. பிறகு அதை இடுப்பில் சொருகிக்கொண்டு, முடிச்சைச் சுற்றி இஸ்திரிப்பெட்டியை வளைத்து ஓட்டினாள். அந்த ஒன்பதையும் அவள் எப்போதும் அப்படித்தான் தேய்த்தாள். கூடத்தின் சட்டத்தை அவள் மீறியது அதில் மட்டும்.

ஓய்வு பெறும் வருடம் முடிச்சக்காவுக்கே பித்தப்பையில் கல் வந்து, அதே பெண்கள் வார்டில் படுக்க வேண்டியதாயிற்று. நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சின்னப் பெண், ஒன்றும் தெரியாது. "இங்க விரல் வைங்கம்மா, உங்க ரேகை போதும்" என்றாள். முடிச்சக்கா மையில் விரலை அழுத்தி, அந்த இடத்தில் மெதுவாக, ரொம்ப மெதுவாக வைத்தாள். எழுதத் தெரியாதவள் விரல் வைக்க இவ்வளவு நேரமா என்று நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மை துடைக்கத் துணி தேடியபோது விரிப்பின் ஓரத்தில் அவள் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். வெளுத்து வெளுத்து வானத்து நிறமாகிப்போன நூல், இறுகிய சின்ன முடிச்சு. படுக்கைக்குப் பக்கத்தில் இஸ்திரிக்காரி ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது, நூல் தொங்குது? கத்தரிக்கோல் மழுங்கிடுச்சா?"

"தொங்கட்டும் அக்கா."

முடிச்சக்கா அந்த ஓரத்தை இழுத்துத் தன் கைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். தள்ளுவண்டி வரும்வரை அவள் விரல் அதை விடவில்லை.